பழைய ரிவால்வரும் என் இடது காதும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். 1998 பேட்ச். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் போட்டுவிடாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே வீடு. அம்மா, மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் பையன். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு தூரம்.

"சார், லைசென்ஸ் வந்துருச்சுங்க. பழைய ரிவால்வர் ஒண்ணு வெலைக்கு வருது. இங்கிலாந்து சாமான். நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லீருங்க சார்" என்றார்.

இயற்பியல் வாத்தியாரிடம் ஏன் துப்பாக்கி பார்க்கச் சொல்கிறார் என்று உங்களில் பலருக்குத் தோன்றும். கோவையில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பாய் எனக்கு முப்பது வருட சிநேகம். அவர் மகன் என்னிடம் படித்தான். ஞாயிறு மதியங்களில் அந்தக் கடை ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன். நான் துப்பாக்கி வைத்திருந்ததும் இல்லை, சுட்டதும் இல்லை. ஆனால் ஒன்றைப் பிரித்து மாட்டுவதை நூறு தடவையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாய் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவரைத்தான் அழைத்துப் போயிருப்பேன்.

போய்ப் பார்த்தேன். விற்பவர் வீட்டுப் பெரியவர் லைசென்ஸ்தாரர், எண்பதைத் தாண்டியவர். அவர் முன்னிலையில் அவருடைய மகன் வெல்வெட் துணியில் வைத்து எடுத்து வந்தார். வெப்லி அண்ட் ஸ்காட், .32. கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. கையில் கொடுக்கும்போதே மகன் சொன்னார்: "குண்டு இல்லீங்க, நானே பாத்துட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

என் இடது காது கேட்காது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இடது பக்க பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் அடித்த அரட்டையும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பொய். 1968-ல் எனக்கு 17 வயது. பெரியப்பா வீட்டில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. பெரியப்பா மகன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குண்டு இல்லடா, கிட்ட வா" என்றார். போனேன். என் தலைக்கு ஒரு முழம் தள்ளிச் சுவர் பெயர்ந்து விழுந்தது. அன்று போனதுதான் காது. அவரை யாரும் திட்டக்கூடாது என்று பெரியப்பாவும் அப்பாவும் பேசிக் காய்ச்சல் கதையை உண்டாக்கினார்கள். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. இனி சொல்வதில் தவறில்லை. அவர் பொய் சொல்லவில்லை, குண்டு இல்லை என்றுதான் மனதார நம்பினார்.

அதனால் முதல் பாடம் இதுதான். குண்டு இல்லை என்று யார் சொன்னாலும், கடவுளே வந்து சொன்னாலும், குழலை ஆளில்லாத திசையில் தாழ்த்திப் பிடித்து, திறந்து, ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெப்லி ரகத்தில் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை அழுத்தினால் முன்பகுதி முழுவதும் கீழே மடங்கித் திறக்கும். பார்த்து முடித்துக் கீழே வைத்தால், மறுபடி எடுக்கும்போது மறுபடியும் பார்க்க வேண்டும். "நம்ம மேல நம்பிக்கை இல்லீங்களா" என்று விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டாவது, மினுமினுப்பை நம்பாதீர்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய இரும்பு பழையதாகத் தெரிவதில் குறை ஒன்றும் இல்லை. புதுசாகத் தெரிந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். திருகுகளின் தலை தேய்ந்து சிதைந்திருந்தால், கைக்குக் கிடைத்த ஸ்குரூ டிரைவரால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முத்திரையும் எண்ணும் விளிம்பு மழுங்கியிருந்தால் பட்டறையில் தேய்த்து மெருகு போட்டிருக்கிறார்கள். இங்கே எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் 8 என்று இருந்தது. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது ஆயுதச் சட்டம் 1959-ன்படி குற்றம். தெரியாமல் மெருகு போட்டிருந்தாலும், நாளைக்கு வாங்கியவர்தான் ஸ்டேஷனில் விளக்கம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உள்ளே பாருங்கள். திறந்த நிலையில் பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் டார்ச் அடித்து, குழலின் வழியாகப் பார்த்தால் சுருள் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. நடுவில் வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் எப்போதோ உள்ளே ஒரு குண்டு சிக்கி, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டுக் குழல் உப்பியிருக்கிறது. அதைத் தொடவே கூடாது.

நான்காவதுதான் உயிர் நாடி. காலியாக இருப்பதை மறுபடி உறுதி செய்துகொண்டு, உரிமையாளரின் அனுமதியோடு செய்ய வேண்டியது. சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுத்தால் உருளை சுற்றி, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். விசையை முழுக்க அழுத்திப் பிடித்தபடி உருளையை விரலால் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. ஒரு அறைக்குச் சரியாக இருந்தால் போதாது, ஆறுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த ரிவால்வரில் நான்கு அறைகள் ஒழுங்காக வந்து நின்றன. மற்ற இரண்டும் நூலளவு முன்னாலேயே நின்றுவிட்டன. அந்த நிலையில் சுட்டால் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயச் சில்லு பக்கவாட்டில் தெறிக்கும். எதிரில் வரும் திருடனை விட, பக்கத்தில் நிற்கும் நம் வீட்டு ஆளுக்குத்தான் அதனால் ஆபத்து.

ஐந்தாவது, சுத்தியலை இழுத்து நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் சுத்தியலை முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நகரவே கூடாது. நழுவி விழுந்தால், உள்ளே இருக்கும் கொக்கி தேய்ந்துவிட்டது. கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடிய சாமான் அது. இது இந்தச் சோதனையில் தேறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறாவது, இடைவெளி. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய சந்து இருக்கும். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. 0.25-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஆய்வகத்தில் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்று எழுதி எழுதிப் படித்தீர்களே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை! பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜ் போதும். மடங்கும் ரகமாக இருந்தால் கீல் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே ஆடியது.

பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். மகனுக்குக் கோபம். "வெளிநாட்டுச் சாமான் இன்னைக்குக் கெடைக்குமாங்க" என்றார். அதில் உண்மை இருக்கிறது. 1980-களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு அவற்றின் தரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விலை. கான்பூர் அரசுத் தொழிற்சாலை புது .32 ரிவால்வரைச் செய்கிறது. 2014-ல் அரை கிலோ எடையில் நிர்பீக் என்று ஒன்றையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 'இங்கிலாந்து' என்ற சொல்லுக்கு லட்சங்களைக் கொடுக்கிறார்கள். என் அபிப்பிராயம் இது: எண்பது வருடப் பழைய ரிவால்வர், ஆராய்ச்சியில் தேறாவிட்டால், அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள். அதை நம்பி உயிரை வைக்கக்கூடாது.

திரும்பி வரும்போது காரில் மாணவர் பேசவே இல்லை. தோப்பு வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியாரய்யா, இவன் தேங்கா ஏவாரத்துக்குப் போனா பொழுது எறங்கித்தானுங்க வாரான். அவன் இல்லாதப்ப அந்தத் துப்பாக்கிய நான் என்னங்க பண்றது?"

நான் பார்த்த ஆறு சோதனைகளிலும் இந்தக் கேள்வி இல்லை. லைசென்ஸ் மகன் பெயரில். அம்மா அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. பகலில் தோப்பில் தனியாக இருப்பவர் அம்மாதான். ராத்திரி மகன் இருக்கும்போது அது பூட்டிய பீரோவில் இருக்கும், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். துப்பாக்கி இருக்கும் வீடு என்று ஊருக்குத் தெரிந்தால், திருடனுக்கு நகையோடு சேர்த்து அதுவும் ஒரு பொருள்.

தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களை நகைக்காகக் கொன்ற செய்திகளை நானும் படிக்கிறேன். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. பட்டணத்து ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு "துப்பாக்கி எதற்கு" என்று கேட்பது சுலபம். லைசென்ஸ் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தில் இடுப்பில் செருகி மீசையை முறுக்கிப் போட்டோ எடுப்பதற்காக வாங்குகிறவர்களை மட்டும்தான் தப்பு என்கிறேன். இந்தப் பதிவு அவர்களுக்கு இல்லை.

உண்மையிலேயே பயந்து வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: துப்பாக்கியைச் சோதிப்பதற்கு முன்னால் வீட்டைச் சோதியுங்கள். தனியாக இருப்பது யார், எந்த நேரத்தில், கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெளிச்சம், நாய், கேமரா, உள்ளே தாழ் போட்ட பிறகும் கைக்கு எட்டும் போன், அடுத்த தோட்டத்துக்காரருடன் ஒரு பேச்சு, இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஆகும் செலவு அந்த ரிவால்வர் விலையில் ஒரு பங்குதான். இவ்வளவும் செய்தபின் தேவை மிச்சம் இருந்தால் வாங்குங்கள். விற்பவர் காட்டும் ஆள் இல்லாமல், நீங்களே தேடிப் பிடித்த லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம் காட்டுங்கள். விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற வேண்டும். அந்த 45 நாளைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். சோதிக்கவும் யோசிக்கவும் கிடைத்த அவகாசம் அது.

மாணவர் அதை வாங்கவில்லை. லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. புதுசாக ஒன்று வாங்குவதா என்று இன்னும் யோசிக்கிறார். அது அவர் முடிவு. நேற்று போன் செய்து, தோப்பு முகப்பில் இரண்டு லைட் போட்டதாகவும், நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்ததாகவும் சொன்னார். அம்மாவுக்கு அதில் குரல் பதிவு அனுப்பப் பேரன் கற்றுக்கொடுத்திருக்கிறானாம்.

உங்களில் போலீஸில் இருப்பவர்கள், ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம். பெரியப்பா வீட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை: காது விஷயத்தைப் பொதுவில் சொன்னதற்கு வருத்தப்படாதீர்கள். அண்ணன் கடைசிக் காலத்தில் என் இடது பக்கம் உட்கார்ந்து பேசவே மாட்டார். எப்போதும் வலது பக்கம்தான் வந்து உட்காருவார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.