பேரேட்டின் இரு பக்கங்கள்

வணிகவியல் பயின்ற எவரும் மறவாத பாடம் ஒன்று உண்டு: ஒவ்வொரு வரவுக்கும் ஈடான பற்று ஒன்று எங்கேனும் எழுதப்பட்டே தீரும். அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி கண்ட உயர்வை நோக்கும்போதும் இப்பாடமே நம் நினைவுக்கு வருகிறது.

முதலில் வரவுப் பக்கத்தைக் காண்போம். 2008-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரிலிருந்து இவ்வணி பெயர்ந்து வந்தது. புதிய ஊரில் ஆடிய முதல் 32 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. ஆயினும், கெவின் டுராண்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் ஆகிய இளைஞர்களின் துணையால் 2012-இல் இறுதித் தொடரை எட்டியது. அங்கு மயாமியிடம் தோற்றது. அதே ஆண்டில் ஹார்டனும் 2016-இல் டுராண்டும் அணியை விட்டு நீங்கினர்.

2019-இல் அணியின் மேலாளர் சாம் பிரஸ்டி துணிவான முடிவொன்றை எடுத்தார். புகழின் உச்சியில் இருந்த பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு அளித்தார். ஈடாகப் பெற்றவற்றுள், தொழில்முறை ஆட்டத்தில் ஓராண்டே கழித்திருந்த ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்னும் இளைஞரும், வரும் ஆண்டுகளில் புதிய வீரர்களை முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கும் ஐந்து உரிமைகளும் அடங்கும். வங்கி மொழியில் கூறின், கையிருப்பை வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும் வைப்புகளாக மாற்றினார். அவ்வுரிமைகளுள் ஒன்றே 2022-இல் ஜேலன் வில்லியம்ஸை அணிக்குக் கொணர்ந்தது.

முதிர்வுக் காலம் வரை காத்திருப்பது எளிதாக இருக்கவில்லை. 2021 டிசம்பரில் மெம்பிஸ் அணியிடம் 73 புள்ளி வேறுபாட்டில் தோற்றது, அக்கழக வரலாற்றிலேயே மிகப்பெரிய தோல்வியாகும். அப்பருவத்தில் 82 ஆட்டங்களில் 24 வெற்றிகளே கிட்டின. மூன்றே ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 68 ஆயிற்று. 2025 ஜூன் 22 அன்று இண்டியானா அணியை வீழ்த்தித் தண்டர் கோப்பையை வென்றது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது மெய்யாயிற்று.

இனிப் பற்றுப் பக்கம். சூப்பர்சானிக்ஸ் என்னும் பெயரில் 1967 முதல் சியாட்டிலில் வேரூன்றியிருந்த அணி இது. 1979-இல் அவ்வூருக்குக் கோப்பையும் வென்று தந்தது. 2006-இல் அது 35 கோடி டாலருக்குக் கைமாறியது. அரங்கத்திற்கான பொதுப்பணம் பற்றிய பிணக்கு தீரவில்லை. இறுதியில், எஞ்சிய குத்தகைக் காலத்திற்கு ஈடாக நான்கரைக் கோடி டாலர் தந்து உரிமையாளர்கள் அணியைக் கொண்டு சென்றனர். பெயரும் வண்ணங்களும் சியாட்டிலுக்கென விடப்பட்டன. ஆட்டம் மட்டும் போய்விட்டது. நாற்பத்தோராண்டு அன்பிற்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒதுக்கப்படவில்லை.

ஓக்லஹோமா மக்களும் விலை கொடுத்தே இவ்வணியைப் பெற்றனர். அரங்கத்தை மேம்படுத்த, டாலருக்கு ஒரு சென்ட் வீதம் 15 மாதங்களுக்கு விற்பனை வரி செலுத்த 2008-இல் வாக்களித்தனர். 2023-இல் குறைந்தது 90 கோடி டாலர் மதிப்பிலான புதிய அரங்கிற்கும் ஒப்புதல் அளித்தனர். தோல்விக் காலங்களில் மேலாளருக்குக் காத்திருக்கும் வாய்ப்பை அளித்தது இம்மக்களின் உறுதுணையே. பொறுமை மேலாளருடையது மட்டுமன்று. அதன் பெரும்பகுதி ஊராருடையது.

இங்கேதான் நம் கருத்தைக் கூற விரும்புகிறோம். பிறர் பொறுமையை முதலாகக் கொண்டு வளரும் எந்நிறுவனமும் அம்மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. சட்டப்படியான உரிமை மட்டும் அக்கடனைத் தீர்த்துவிடாது. கூடைப்பந்து அணிக்குப் பொருந்தும் இந்நெறி வங்கிக்கும் பொருந்தும்.

நாங்களும் கிளைகளை இடம் மாற்றுகிறோம். சிலவற்றை வேறு கிளைகளோடு இணைக்கிறோம். அதற்குரிய காரணங்கள் கோப்பில் சரியாகவே இருக்கும். ஆனால், இருபது ஆண்டுகளாக ஒரே வாயிலில் ஓய்வூதியம் பெற்றுவந்த மூதாட்டிக்குப் புதிய முகவரி ஒட்டிய அறிவிப்புத் தாள் போதுமான விடையாகாது. அவருக்கு முன்கூட்டியே நேரில் எடுத்துரைப்பதும், அவர்தம் தயக்கத்தைக் கேட்பதும், புதிய இடத்தில் அவரை அடையாளம் கண்டு வரவேற்பதும் எங்கள் கடமை. அதில் நாங்கள் தவறும்போது சுட்டிக்காட்டுவது வாடிக்கையாளராகிய உங்கள் உரிமை.

சேமிப்பில் பொறுமை காக்குமாறு உங்களிடம் நாங்கள் ஓயாது வேண்டுகிறோம். தண்டர் அணியின் உயர்வு அவ்வேண்டுகோளுக்கு நல்ல சான்று. அதே அணி விட்டுச்சென்ற ஊர் எங்களுக்கான எச்சரிக்கை. ஐந்தொகையில் இடம்பெறாத நம்பிக்கையே ஒரு நிறுவனத்தின் முதன்மையான வைப்பு என்பதை நாங்கள் மறவாதிருப்போமாக.