ஹீட்டரை அணைத்துவிட்டு அனுப்பும் பணம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

குளிரைப் பற்றி எழுதப் போகிறேன். சாகுபுரத்தில் இருந்துகொண்டு டீச்சர் குளிரைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். உப்பளத்து வெயிலும் கடல் காற்றும் தெரிந்த நமக்கு மார்கழி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஒரு போர்வை போதும். ஆனால் நான் பாடம் சொன்ன பிள்ளைகளில் பலர் இன்று அந்த 20 டிகிரிக்காக மாதாமாதம் பணம் கட்டும் ஊர்களில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள் துபாய், சவுதி என்று போனார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளைகள் ஹாங்காங் போனார்கள். அங்கெல்லாம் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. இப்போது நர்ஸ் வேலைக்கும் மேல்படிப்புக்கும் இங்கிலாந்து போகிறார்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் 2025 வரை போனார்கள். அங்கே வீட்டைச் சூடாக வைப்பதற்குத் தனியாக ஒரு செலவு உண்டு. அதை இங்கே இருக்கும் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகள் குழாயில் வரும் எரிவாயுவால் சூடாகின்றன. ஒரு பாய்லர் தண்ணீரைக் காய்ச்சும். அந்தச் சுடுநீர் ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இருக்கும் இரும்புப் பட்டைகளுக்குள் ஓடி அறையைச் சூடாக்கும். 2021 கடைசியிலேயே எரிவாயு விலை ஏறத் தொடங்கியது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு அது எங்கேயோ போய்விட்டது. அங்கே ஆஃப்ஜெம் என்றொரு ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. ஒரு சராசரி வீட்டின் மின்சாரம், எரிவாயு இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அது உச்சவரம்பு அறிவிக்கும். 2021 அக்டோபரில் அது 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. அதே ஆண்டு அக்டோபருக்கு அறிவித்தது 3,549! அரசாங்கம் குறுக்கே புகுந்து, மிச்சத்தைத் தான் ஏற்றுக்கொண்டு 2,500 பவுண்டில் நிறுத்தியது. அந்த அக்டோபரில் அந்நாட்டுப் பணவீக்கம் 11.1 சதவீதம். நாற்பது ஆண்டுகளில் அப்படி ஏறியதில்லை.

இப்போது ஒரு கணக்கு. 2,500 பவுண்டைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 208 பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு 90, 95 ரூபாய். ஆக, விளக்கெரியவும் அடுப்பெரியவும் அறை சூடாகவும் மாதம் ஏறக்குறைய 20,000 ரூபாய். நம் ஊர்ப் பக்கம் எத்தனையோ தனியார் பள்ளி டீச்சர்களுக்கு மாதச் சம்பளமே அவ்வளவு வராது.

இன்னொரு கணக்கு. படிக்கப் போன பிள்ளை கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பது விசா விதி. 2022-இல் 23 வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9 பவுண்டு 50 பென்ஸ். வாரம் 190. நாலு வாரத்துக்கு 760. இங்கே நாம் அதைப் பெருக்கி, "ஏறக்குறைய எழுபதாயிரம் சம்பாதிக்கிறான்" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். வரவை மட்டும் ரூபாயாகப் பெருக்குகிறோம். அறை வாடகை, பஸ், சாப்பாடு, ஹீட்டர் என்று வரும் செலவைப் பெருக்குவதில்லை. நான் வகுப்பில் இப்படிக் கணக்குப் போட விட்டிருப்பேனா?

விளைவு என்ன? வீட்டில் கேட்ட பணத்தை அனுப்புவதற்காக ஹீட்டரை அணைத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் போர்வை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வீடியோ காலில் தலையில் குல்லா தெரிந்தால், "ஸ்டைலா இருக்கேலே" என்று இங்கே சிரிக்கிறோம். அவனும் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். அம்மாவிடம் போய்க் குளிருது என்று எப்படிச் சொல்வான்?

குளிர்தானே, இளவயசு தாங்கும் என்று நினைக்க வேண்டாம். குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்ந்த வீட்டில் ரத்த அழுத்தம் ஏறும். நுரையீரல் கெடும். காற்றோட்டமும் சரியில்லாவிட்டால் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணையில் முடிவானது. பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொல்லியும் சரிசெய்யவில்லை. அதன் பிறகு அந்தக் குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. பொது வாடகை வீடுகளில் ஈரம், பூஞ்சை என்று புகார் வந்தால் குறித்த நாளுக்குள் கவனிக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சட்டம் வருவதற்கு ஒரு பிள்ளை போகவேண்டியிருந்தது.

சரி, பணக்கார நாட்டில் ஏன் இப்படி? போரைச் சொல்லலாம். பழைய வீடுகளைச் சொல்லலாம். முதல் உலகப் போருக்கு முன்னால் கட்டிய வீடுகள் அங்கே லட்சக்கணக்கில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே ஏற்றும் சூடு சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் போய்விடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த ஊர்க் கட்டண ரசீது போடப்படும் விதம்.

நம் தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். குறைவாகச் செலவழிப்பவருக்கு மலிவு, அதிகம் செலவழிப்பவருக்கு விலை கூடுதல். அங்கே தலைகீழ். ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் தினமும் நிலைக்கட்டணம் உண்டு. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 300 பவுண்டு அளவுக்குப் போகிறது. ஒற்றை அறையில் இருக்கும் கிழவியும் அதைக் கட்ட வேண்டும், மாளிகைக்காரரும் அதைக் கட்ட வேண்டும். இது போதாதென்று, பாக்கி வைத்த ஏழைகளின் வீட்டில் முன்பணம் போட்டால்தான் ஓடும் மீட்டரை மாட்டினார்கள். நம் செல்போன் ரீசார்ஜ் மாதிரி. காசு தீர்ந்தால் சூடும் தீர்ந்தது. அந்த மீட்டர்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விலையும் கொடுத்தார்கள். 2023 ஜூலையில்தான் அந்தக் கூடுதலை நிறுத்தினார்கள். நோயாளிகள் இருக்கும் வீட்டின் கதவைக்கூடத் திறந்து உள்ளே போய் அந்த மீட்டரை மாட்டிய செய்தியை 2023 பிப்ரவரியில் 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளியிட்டது. பிறகுதான் அப்படி மாட்டுவதை நிறுத்திவைத்தார்கள். இல்லாதவனிடம் கூடுதலாக வாங்குவது எந்த ஊர் நியாயம்?

உதவித் தொகை தரவில்லையா என்று கேட்பீர்கள். தந்தார்கள். 2022 குளிர்காலத்தில் எல்லா வீட்டுக்கும் 400 பவுண்டு தள்ளுபடி. இரண்டு வீடு வைத்திருந்தவருக்கும் கிடைத்தது. அது வீண் என்று சொல்லி, 2024-இல் முதியோருக்கான குளிர்கால உதவித் தொகையை மிகவும் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். விண்ணப்பம் போடத் தெரியாத, போடக் கூச்சப்பட்ட முதியவர்கள் விடுபட்டுப் போனார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2025-இல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு என்று மாற்றினார்கள். நானும் ஓய்வூதியக்காரி. ஒரு சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவு கொண்டுவந்தபோது பந்தியில் உட்காரும் பிள்ளையிடம் வறுமைச் சான்றிதழ் கேட்டிருந்தால் பாதிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டே வந்திருக்காது. சோற்றுக்குப் பொருந்துவது சூட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே என் கருத்து இதுதான். உயிர் வாழத் தேவையான அளவு எரிபொருளை ரேஷன் அரிசி மாதிரி நினைக்க வேண்டும். முதல் அளவு எல்லோருக்கும் மலிவாக அல்லது இலவசமாக. அதற்கு மேல் செலவழிக்கிறவர் விலை கொடுக்கட்டும். யாரும் யாரிடமும் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மீட்டரே கணக்குச் சொல்லிவிடும்.

இதில் ஓட்டை இல்லையா? உண்டு. நோயாளி இருக்கும் வீட்டுக்கும், ஒழுகுகிற பழைய வீட்டுக்கும், ஆள் அதிகம் உள்ள வீட்டுக்கும் ஏழையாக இருந்தாலும் செலவு அதிகமாகும். அவர்களுக்குத் தனிச் சலுகை வேண்டும். நம் ஊரிலும் வாடகைக்கு இருப்பவர்களிடம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் தனியாக வாங்குவது உண்டு. அப்போது அரசு தரும் 100 யூனிட் யாருக்குப் போகிறது? இங்கிலாந்தில் வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் வைத்து விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அதை நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

நம் அடுப்பையும் பார்க்க வேண்டும். நமக்குக் கணப்பு கிடையாது. அடுப்புதான் உண்டு. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் ஏழை வீடுகளுக்கு சிலிண்டர் இணைப்பு வந்தது. நல்ல காரியம், புகையில் கண் கெட்ட தாய்மாரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போனது. பிறகு குறைந்தது என்றாலும், விலையைவிடப் பெரிய சிக்கல் அதை ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டியிருப்பதுதான். நாள் கூலிக்காரர் கையில் ஒரே நாளில் அவ்வளவு பணம் ஏது? அன்றாடம் உடைமர விறகு ஐம்பது ரூபாய்க்கு வாங்கலாம். சிலிண்டரை ஐம்பது ரூபாய்க்கு வாங்க முடியாது. அதனால்தான் உப்பளத்துக்குப் போகும் வீடுகள் சிலவற்றில் சிலிண்டர் மூலையில் இருக்கிறது, விறகடுப்பு எரிகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். 2022 ஏப்ரலில் இலங்கையில் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 4,860-க்குப் போனது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87-லிருந்து 340 ஆனது. நுவரெலியா பக்கத்து லயன் வீடுகளில் இருப்பவர்கள் நம் தமிழ் மக்கள். அங்கே ராத்திரிக் குளிர் நம் ஊர் மாதிரி அல்ல. அந்த ஆண்டு தமிழ்நாடு அனுப்பிய அரிசியும் பால்பவுடரும் நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறின. அரிசியை அனுப்பிவிடலாம். அதை வேகவைக்கும் நெருப்பை அனுப்ப முடியாதே.

இனி, அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை.

காசு தீர்ந்தால் இருட்டிலும் குளிரிலும் பேசாமல் உட்காராதீர்கள். கம்பெனிக்குப் போன் போடுங்கள், முன்பண மீட்டருக்கு அவசரக் கடன் வசதி உண்டு. கைக்குழந்தை, நோயாளி, முதியவர் வீட்டில் இருந்தால் முன்னுரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். சுவரில் பூஞ்சை வந்தால் போட்டோ எடுத்து, தேதி போட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அறையைச் சூடாக்குவதற்காக மூடிய அறைக்குள் கரியைக் கொளுத்தவே கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் புகைக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

இங்கே இருக்கும் பெற்றோருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் முதல் மார்ச் வரை பிள்ளைகளிடம் புதுச் செலவு எதையும் கேட்காதீர்கள். மாடி எடுப்பது, கொடையில் பெரிய வரி எழுதுவது, கல்யாணத்துக்குத் தங்கம் போடுவது எல்லாம் சித்திரைக்குப் பிறகு இருக்கட்டும். கடன் தவணை கட்டியாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதை நான் சொல்லவில்லை. போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பது நம் வழக்கம். குளிர்காலத்தில் அதோடு இன்னொன்றும் கேளுங்கள். "ஹீட்டர் போட்டிருக்கியா மக்கா? இந்த மாசம் பணம் வேண்டாம், அதுக்குக் கட்டிக்கோ" என்று சொல்லுங்கள்.

அவன் இல்லை, பரவாயில்லை என்றுதான் சொல்வான். இரண்டாம் தடவையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாகுபுரம்.