வலி மாத்திரையில் குளுட்டன்: ஆபத்து குறைவு, அட்டையில் தகவலும் குறைவு

புதுதில்லி: பிஸ்கட் பொட்டலத்தில் கோதுமை கலந்திருந்தால் அதை அச்சிட்டுத் தெரிவிக்க வேண்டியது இந்திய உணவுச் சட்ட விதிகளின்படி கட்டாயம். மருந்துக்கடையில் மருத்துவர் சீட்டின்றி வாங்கப்படும் வலி நிவாரண மாத்திரையின் அட்டையிலோ, பெரும்பாலும் மூலமருந்தின் பெயரும் அளவும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. மாத்திரையைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் மாவுச்சத்து எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்பதை அதிலிருந்து அறிவது கடினம். சீலியாக் நோயாளிகளுக்கு இது சிறிய ஐயமன்று.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளுட்டன் என்னும் புரதம் உடலுக்குள் சென்றால், இந்நோயாளிகளின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவர்களது சிறுகுடலையே தாக்குகிறது. வாழ்நாள் முழுவதும் குளுட்டனைத் தவிர்ப்பதே இதற்கான சிகிச்சை. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, இந்நோய்க்கான தன்னெதிர்ப்பொருள்களின் பரவல் வட மாநிலங்களில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம் எனக் கணக்கிட்டது. தலைவலியும் மூட்டுவலியும் இந்நோயின் அறிகுறிகளில் அடங்குவதால், வலி மாத்திரையை நாடும் தேவையும் இவர்களுக்கு ஏற்படுகிறது.

மாத்திரைக்குள் குளுட்டன் எப்படி வரும்?

மாத்திரையில் மூலமருந்துடன், அதை இறுக்கவும் வயிற்றில் கரையச் செய்யவும் துணைப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது மாவுச்சத்து. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டால் கவலையில்லை. கோதுமையிலிருந்து பெறப்பட்டால் மட்டுமே குளுட்டனின் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. வெறுமனே 'மாவுச்சத்து' என்ற குறிப்பு இக்கேள்விக்கு விடை தராது.

எனினும், அளவைக் கணக்கிட்டால் அச்சம் தணியும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், அந்நாட்டில் விற்கப்படும் வாய்வழி மருந்துகள் எதிலும் கோதுமை மாவோ கோதுமை குளுட்டனோ துணைப்பொருளாக வேண்டுமென்றே சேர்க்கப்படுவதாகத் தனக்குத் தெரியவில்லை எனக் கூறியது. கோதுமை மாவுச்சத்து இருந்தாலும், ஒரு மாத்திரையில் குளுட்டன் 0.5 மில்லிகிராமைத் தாண்டாது என்பது அதன் மதிப்பீடு.

'குளுட்டன் அற்றது' எனக் குறிப்பிடப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை குளுட்டன் இருக்க இந்தியாவிலும் அனுமதி உண்டு. அதாவது, அத்தகைய உணவை 30 கிராம் உண்டால் 0.6 மில்லிகிராம் வரை உடலுக்குள் செல்லக்கூடும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரைகளை வயது வந்தோருக்கான உச்ச அளவாகிய 8 வரை ஒரே நாளில் உட்கொண்டாலும், மேற்கண்ட மதிப்பீட்டின்படி மொத்தம் 4 மில்லிகிராமே. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவான அளவு பெரும்பாலான நோயாளிகளின் குடலைப் பாதிக்க வாய்ப்பில்லை எனக் கருதப்படுகிறது.

தகவல் எங்கே?

ஐரோப்பிய ஒன்றியத்தில், கோதுமை மாவுச்சத்து சேர்ந்த மருந்தின் விளக்கத்தாளில் அதைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாத்திரையில் உள்ள குளுட்டனின் உச்ச அளவையும் குறிப்பிட வேண்டும். சீலியாக் நோயிலிருந்து வேறுபட்ட கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் அம்மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெறும்.

இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல், டோலோ, கால்பால் உள்ளிட்ட 300 முன்னணி மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதி தேதி, உரிம எண் ஆகியவற்றை அதன் வழியே அறியலாம். போலி மருந்தைக் கண்டறிய உதவும் இப்பட்டியலில், 2023-இல் அது கட்டாயமாக்கப்பட்டபோது, துணைப்பொருள்கள் இடம்பெறவில்லை.

ஆகவே, தயாரிப்பு நிறுவனத்தை நேரடியாகக் கேட்பதே இப்போதைக்கு நம்பகமான வழி. மாத்திரையின் பெயர், வீரியம், தொகுதி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மாவுச்சத்தின் மூலம் எது என எழுத்து வடிவில் பதில் பெறலாம். ஒரே பெயரில் வரும் மாத்திரை, கேப்ஸ்யூல், சிரப் ஆகியவற்றின் துணைப்பொருள்கள் வேறுபடும் என்பதால் ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுப் பட்டியலும் அதே பெயரில் இங்கு விற்கப்படும் மருந்துக்குப் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

மாத்திரைக்குப் பின் வரும் வயிற்று உபாதை அனைத்துக்கும் குளுட்டனே காரணம் என முடிவு செய்வதும் தவறு. ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்றவை தம்மளவிலேயே இரைப்பையையும் சிறுகுடலையும் புண்ணாக்கக்கூடியவை. ஐயத்தின் பேரில், மருத்துவர் பரிந்துரைத்த மருந்தைத் தாமாக நிறுத்துவது குளுட்டனைவிடப் பெரிய தீங்கை விளைவிக்கலாம்.

மாவுச்சத்தின் மூலம் எது என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்த செய்தியே. உறையில் ஏற்கெனவே உள்ள க்யூஆர் குறியீட்டில் அந்த ஒரு வரியையும் சேர்ப்பது பெரும் சுமையன்று. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது ஓர் ஆறுதல். கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கோ அது பாதுகாப்பு.