சுறாவுக்கும் குருவிக்கும் ஒரே எமன்

நடுக்கடலில் திரிவது சுறா. நாணற்புதரில் பாடுவது குருவி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுமே ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தவை. இரண்டையும் விழுங்கியது மனிதனின் விருந்துதான்.

'வெள்ளைமுனைச் சுறா'வின் துடுப்புகள் நீளமானவை. நுனி வெள்ளையாக இருக்கும். வெப்பமான கடல்களில், கரையை விட்டுத் தள்ளி வாழும். அதன் பீலிக்கு நல்ல விலை. பீலியைப் போட்டு சூப் வைப்பார்கள். பீலியை மட்டும் அறுத்துக்கொண்டு, உடலைக் கடலில் வீசிய கப்பல்கள் பல!

மஞ்சள் மார்புக் குருவியோ சிட்டுக்குருவி அளவுதான். கோடையில் சைபீரியாவில் கூடு கட்டும். குளிர்காலத்தில் தெற்கே பறக்கும். வழியில் சீனாவில் இரவு தங்கும்போது, நாணற்காட்டில் கூட்டம் கூட்டமாக அடையும். அங்கேதான் வலை காத்திருக்கும். உடம்புக்குத் தெம்பு என்று நம்பித் தின்றார்கள். 1980 முதல் 2013 வரை 33 ஆண்டுகளில் ஏறக்குறைய 90 சதவிகிதம் குறைந்துவிட்டது. முன்பு பின்லாந்திலும் கூடு கட்டியது. இன்று அங்கே இல்லை.

சட்டம் சும்மா இருந்ததா? குருவி வேட்டையைச் சீனா 1997-லேயே தடுத்தது. ஆனால் கள்ளச் சந்தை ஓயவில்லை. 2021-ல் அதை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. சுறா வியாபாரத்துக்கு 2013-ல் உலக நாடுகள் கட்டுப்பாடு விதித்தன. 2025-ல் சமர்க்கண்டில் கூடிய மாநாடு, அந்த வியாபாரத்தையே தடை செய்ய முடிவெடுத்தது.

இனிமேல் பிழைக்குமா? குருவிக்கு வழி உண்டு. ஆண்டுதோறும் நாலைந்து முட்டை இடும். வலையை அதற்கென்றே விரிக்கிறார்கள். வலையைப் பிடுங்கினால் குருவி தப்பும்.

சுறாவின் கதை வேறு. ஏறக்குறைய ஓராண்டு சுமந்து சில குட்டிகளை ஈனும். பெரும்பாலும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் ஈனும். அதைவிடப் பெரிய சங்கடம், தூண்டில் சூரை மீனுக்குப் போட்டது. சுறா தானாக வந்து மாட்டுகிறது. பீலியை விற்கக் கூடாது என்றால் தூண்டிலுக்குத் தெரியுமா?

அதனால்தான் மேற்கு, மத்திய பசிபிக் கடலில் மீன் பிடிக்கும் நாடுகள் 2022-ல் வேறு வழி கண்டன. தூண்டில் முள்ளை இரும்புக் கம்பியில் கட்டக் கூடாது என்று வெப்பக் கடற்பகுதிக்கு விதி செய்தன. நைலான் நரம்பு என்றால் சுறா கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிடும். சூரை மீனுக்கு அவ்வளவு கூர்மையான பல் கிடையாது!