ஒற்றைப் பத்தியில் ஒரு பஞ்சம்

சூடானின் வடக்கு டார்ஃபூரில் உள்ள ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டது. குறைந்தது 5 லட்சம் பேர் தஞ்சம் புகுந்திருந்த இடம் அது. உணவு நெருக்கடியை அளவிடும் ஐ.பி.சி. அமைப்பு பஞ்சம் என்று லேசில் சொல்லிவிடாது. பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இருவர் பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ சாகும் நிலை வந்திருக்க வேண்டும்; குழந்தைகளில் 30 சதவீதம் பேர் கடுமையாக நலிந்திருக்க வேண்டும். அதற்கு முன் கடைசியாக 2017இல் தெற்கு சூடானுக்குத்தான் அப்படிச் சொன்னது.

அதே நாளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். வயநாட்டில் நிலச்சரிவு நடந்து மூன்றாம் நாள். சேற்றிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களில் தமிழகத்துக்காரர்களும் உண்டு. அன்றிரவு நம் நாளிதழ்களில் பக்கம் கட்டியவர்கள் வயநாட்டை முதல் பக்கத்தில் வைத்தது சரி. ஜம்ஜம் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திக்குள் ஒடுங்கியதையோ, கடைசி நேர விளம்பரத்துக்காக அதுவும் தூக்கப்பட்டதையோகூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு ஆறாதது அதற்குப் பிந்தைய மாதங்களில் நாம் காத்த மௌனம். 2025 ஏப்ரலில், சூடான் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ஆர்.எஸ்.எஃப். துணை ராணுவப் படை ஜம்ஜமைச் சூறையாடியது. ஓடியவர்களில் பலர் பக்கத்து நகரமான எல் ஃபாஷருக்குள் புகுந்தார்கள். அக்டோபர் 26இல் அதுவும் வீழ்ந்தது. அப்போது பெரிய தலைப்பு போட்டோம். யார் யாரோடு சண்டையிடுகிறார்கள் என்பதே தெரியாத வாசகருக்கு அந்தத் தலைப்பு என்ன சொல்லியிருக்கும்?

இடம் கிடைக்காத செய்திக்கு உயிர்களே விலை. ஐசென்சி, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரு பொருளியலாளர்கள் 1968 முதல் 2002 வரை நிகழ்ந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒலிம்பிக் போன்ற பெரிய செய்திகள் ஓடும் நாளில் நேரும் பேரிடருக்கு அமெரிக்க அரசின் நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பே குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பாதிப்பின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009 மே 16 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியாயின. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்கள் அவை. உலகம் ஏன் பார்க்கவில்லை என்று அன்று கேட்டோம், இன்றும் கேட்கிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. டார்ஃபூர்க்காரருக்கும் அதே உரிமை உண்டு.

‘நம்ம ஆள் இதையெல்லாம் படிக்க மாட்டான்’ என்று டெஸ்கில் சொல்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் சிறு பெட்டியாகப் போடுகிறோம்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். தஞ்சாவூர் வாசகர் அந்த எண்களை ஒரு பார்வையில் புரிந்துகொள்கிறார். அவருக்கு வயல் இருப்பது ஒரு காரணம். நாம் நாள் தவறாமல் கொடுத்துப் பழக்கியதும் காரணம். வெளிநாட்டுச் செய்தியையோ, முன்கதை இல்லாமல், வரைபடம் இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சி அனுப்பியபடியே தூக்கிப் போடுகிறோம். அடுத்த நாள் ஃபாலோ-அப் கிடையாது. பிறகு வாசகர்மேல் பழி போடுகிறோம்.

தனிச் செய்தியாளரைச் சூடான் தலைநகர் கார்ட்டூமுக்கு அனுப்ப நம் பத்திரிகைகளிடம் பணம் இல்லை. ஆனால் ஒரு துணை ஆசிரியரிடம் ஒரு நாட்டை ஒப்படைக்கலாம். ஓராண்டுக்கு அந்த நாடு அவர் பொறுப்பு. ஊர்ப்பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதும் அவர் வேலை. வாரம் ஒரு நாள், மாறாத இடத்தில், எட்டு சென்டிமீட்டர் பெட்டி போதும். சூடானை எடுத்தால், எந்த நகரம் யார் கையில் இருக்கிறது, சாட் நாட்டிலிருந்து உணவு லாரிகள் வரும் ஆட்ரே எல்லைச் சாவடி இந்த வாரம் திறந்திருந்ததா, லாரிகள் எந்த ஊர் வரை போய்ச் சேர்ந்தன என்ற மூன்று தகவல்களோடு தொடங்கலாம்.