சூடு காட்டினால் போதுமா?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது பழமொழி. உணவுக்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் அறிந்துகொண்டோம்.

அன்று விடியற்காலை 4 மணிக்கு, விடுதி மாணவியராகிய நாங்களே அவித்த முட்டைகளை உரித்து, தக்காளிச் சாதத்துடன் பொட்டலம் கட்டினோம். பகல் 1 மணிக்குப் பிரித்தபோது மணமும் சுவையும் மாறவில்லை. ஆனால் மாலை 4 மணிக்குள் எங்களில் ஒன்பது பேர் வாந்தியெடுத்துத் துவண்டுபோனோம். “சாப்பிடுமுன் சூடு காட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிராது” என்றனர் பெரியவர்கள். அதனை நாங்கள் பணிவுடன் மறுக்கிறோம்.

அந்த உணவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எனினும், நடந்ததைக் கேட்ட அறிவியல் ஆசிரியை ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைப் பற்றி விளக்கினார். அது நம் மூக்கிலும் தோலிலும், சீழ்ப் புண்ணிலும் வாழ்வது. கை வழியே உணவில் சேர்ந்து, வெதுவெதுப்பில் பெருகி, நச்சைச் சுரக்கும். மீண்டும் கொதிக்கவைத்தால் பாக்டீரியா மடியும், நச்சு அழியாது. தேளை அடித்துக் கொன்றுவிட்டால் ஏறிய விஷம் இறங்கிவிடுமா?

2000ஆம் ஆண்டில் ஜப்பானில் இதுவே நடந்தது. ஹொக்கைடோவிலுள்ள ஒரு பால் தொழிற்சாலையில் மின்சாரம் தடைப்பட, பால் குளிரூட்டப்படாமல் கிடந்தது. பிறகு அதனை உயர்ந்த வெப்பத்தில் காய்ச்சிப் பொடியாக்கினர். கிருமிகள் அழிந்தன, நச்சு எஞ்சியது. அப்பொடி சேர்ந்த பாலை அருந்திய 13,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். முட்டை உரித்த எங்களில் ஒருத்தியின் விரலில் புண் இருந்தது. “வேலைக்குச் சோம்பல்” என்பார்களோ என்று அஞ்சி அவள் மறைத்தாள். கண்ட நாங்களும் பேசாதிருந்தோம். குற்றம் அவளுடையது மட்டுமன்று, எங்கள் எல்லோருடையதும்தான்.

சோற்றைக் கொட்டுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நல்லெண்ணத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் ஐயத்திற்குரிய உணவைச் சூடு காட்டிப் பிறருக்கு இடுவது சிக்கனமாகாது. அளவாய்ச் சமைப்போம், சூடு ஆறுமுன் உண்போம், மிஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைப்போம். நீண்ட பயணத்திற்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதும்.

தோழியரே, கையில் புண் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அன்று பரிமாறாமல் ஒதுங்கி நிற்பது சோம்பலன்று. அதுவும் ஒரு தொண்டே!

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு