எழுத்து மாறினால் ஆளும் மாறுமோ?

கலேவெலவில் எனக்குத் தெரிந்த இளைஞருக்கு, வீட்டிலிருந்தே செய்யும் வேலையொன்று வெளிநாட்டு நிறுவனத்தில் கிடைத்தது. நேர்முகத்தில் தேறியவர், ஆவணச் சரிபார்ப்பில் இடறினார். பெயரில் 'ழ' இருந்ததே குற்றம். சிங்களத்தில் அவ்வெழுத்து இல்லை. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர் ஒருவிதம், கடவுச்சீட்டில் வேறுவிதம். "இருவரும் ஒருவரா?" என்று கேட்டார்களாம்.

நிறுவனத்தை நான் நோகேன். நேரில் காணாதவனுக்குத் தாள்தான் முகம். அமெரிக்காவில் 'இ-வெரிஃபை' திட்டத்தில் இணைந்த நிறுவனங்கள், 2023 ஆகஸ்ட் 1 முதல் பணியாளரின் ஆவணங்களை நேரலைக் காணொளியிலேயே பார்க்கலாம். உலகம் அவ்வளவு தூரம் இறங்கி வந்துவிட்டது.

இறங்காதது நம் அலுவலக மேசைதான். 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி அமைந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளிலும், பதிவேட்டின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் அல்லது ஆங்கிலத்தில் பெறும் உரிமையைத் தருகிறது. இவருக்குக் கிடைத்த பதிலோ, "வெளியில் மொழிபெயர்த்துக்கொண்டு வாருங்கள்" என்பதே. வெளியில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல்!

பிழையை விதைத்தது அரசு. சத்தியக் கடதாசிக்குக் காசு கொடுப்பது குடிமகன். இது சலுகைக்கான மன்றாட்டன்று. குடும்பம் எழுதும் எழுத்திலேயே பெயரைப் பதிந்து, மொழிபெயர்ப்பையும் அரசே தரட்டும். அடுத்த முறை மேசை முன் நிற்கும்போது, 22ஆம் உறுப்புரையை உரக்கச் சொல்லுங்கள்.